ஆக்ராவில் எந்த கம்பெனி?

"பொங்கல் லீவுல மூணு பேரும் ஆக்ரா போய்ட்டு வரலாமா?" என்று என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். நான் அவர் தட்டில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"எந்த கம்பெனி?" என்று கேட்டேன்.

வெளியூர்க்காரர்களுக்கு என் கேள்வி விசித்திரமாகப் படலாம். அவர்களுக்கு ஆக்ரா என்றால் தாஜ்மகால். ஆம்பூரில் ஆக்ரா என்றால் ஷூ. இங்கே ஷூ ஃபேக்டரியில் தொழில் கற்று, கட்டிங் மாஸ்டராகவோ லைன் சூப்பர்வைசராகவோ அங்கே வேலைக்குப் போனவர்களில் எனக்கே பல பேரைத் தெரியும். லீவில் வரும்போது அவர்கள் பேசுவதெல்லாம் அந்த ஊர்க் குளிரையும், சப்பாத்தி தின்று அலுத்துப்போனதையும், அங்கே இருக்கும் முதலாளிகளையும் பற்றித்தான். எங்கள் தெருவில் ஒருவர் வருஷக்கணக்கில் அங்கே இருந்தார். தாஜ்மகால் எப்படி இருக்கும் என்று அவரிடம் ஒரு தடவை கேட்டேன். "ஞாயித்துக்கிழமை துணி துவைக்கவே சரியா போய்டுது, எங்கருந்து பாக்கறது" என்றார். ஆக்ரா என்று யாராவது வாயெடுத்தால் எங்கள் ஊரில் ஒருவரும் தாஜ்மகாலின் பளிங்கை நினைப்பதில்லை.

"கம்பெனியும் இல்ல, ஒண்ணும் இல்ல. சும்மா சுத்திப் பாக்கத்தான்" என்றார் அவர். ரசம் போதும் என்று கையைக் காட்டினார். இரண்டாவது தடவை ரசம் கேட்காமல் அவர் எழுந்து நான் பார்த்ததில்லை.

சுற்றிப் பார்க்கத்தான் என்று அவர் சொன்னது எனக்கு இன்னும் மோசமாகப் பட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் எங்களைச் சுற்றிப் பார்க்க வெளியூர் அழைத்துப் போனது இரண்டே தடவை. முதல் தடவை மைசூர். மகள் அப்போது மூன்றாவது படித்துக்கொண்டிருந்தாள். அரண்மனை பார்த்தோம், மிருகக்காட்சி சாலையில் ஒட்டகச்சிவிங்கி பார்த்தோம், பிருந்தாவனத்தில் தண்ணீர் ஆடுவதைப் பார்த்தோம். ஊருக்குக் கிளம்பும் நாள் மதியம், லாட்ஜில் உட்கார்ந்துகொண்டு, பங்களாதேஷில் ஒரு ஷூ ஃபேக்டரியில் வேலை கிடைத்திருப்பதாகவும் அடுத்த மாதம் போவதாகவும் சொன்னார். இரண்டாவது தடவை ஹைதராபாத். சார்மினார் பக்கம் வளையல் வாங்கிக் கொடுத்தார். எனக்கு வளையல் வாங்கிக் கொடுக்கிற ஆளா இவர் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். மறுநாள் கோல்கொண்டா கோட்டையில் ஏறி இறங்கி மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தபோது எத்தியோப்பியா என்றார். அந்த நாடு எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

கெட்ட மனிதர் இல்லை அவர். வீட்டுக்குள் இருக்கும்போது இந்த மாதிரி விஷயங்கள் அவர் வாயிலிருந்து வராது, அவ்வளவுதான். வெளிநாட்டு ஃபேக்டரிக்குப் போகிற எங்கள் ஊர் ஆண்கள் ஒவ்வொருவரும் பெண்டாட்டியிடம் அதைச் சொல்ல ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒருவர் தன் அம்மாவை விட்டுச் சொல்லச் சொல்வார். ஒருவர் சர்ச்சில் பாஸ்டரிடம் ஜெபம் பண்ணச் சொல்லி, அந்த ஜெபத்தில் வைத்துத் தெரியப்படுத்துவார். என் வீட்டுக்காரர் டூர் கூட்டிக்கொண்டு போவார்.

அவர் எத்தியோப்பியாவிலிருந்து திரும்பி வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. வாணியம்பாடி பக்கம் ஒரு ஃபேக்டரியில் பேட்டர்ன் போடும் வேலை. அங்கே ஆர்டர் கம்மி, ஒரு லைனை நிறுத்திவிட்டார்கள் என்று என் காதுக்கும் வந்திருந்தது. மகள் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ், ஹாஸ்டலில் இருக்கிறாள், வாரத்தில் ஒரு நாள் வருவாள். அவரும் போய்விட்டால் வீட்டில் நான் மட்டும்தான். தனியாகச் சமைத்து, தனியாகத் தின்று, போனில் முகம் பார்த்துப் பேசி வாழ்ந்த வாழ்க்கை எனக்குப் போதும் போதும் என்றாகியிருந்தது. இன்னொரு தடவை அது என்னால் முடியாது. ஆக்ரா என்ற சொல்லைக் கேட்டதும் எந்த கம்பெனி என்று வாயில் வந்தது அதனால்தான்.

நான் வேலை பார்ப்பதும் ஷூ ஃபேக்டரியில்தான், ஃபைனல் செக்கிங் டேபிளில். பெட்டிக்குள் போவதற்கு முன்னால் ஷூவைக் கடைசியாகப் பார்ப்பவள் நான். உள்ளே கையை விட்டு ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறதா, லைனிங் சுருங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன். ஜோடியில் இரண்டும் ஒரே ஷேடா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பேன். சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம். வீட்டிலும் அதைக் கழற்றி வைக்க முடிவதில்லை என்று என் மகள் சொல்வாள்.

எதிர் டேபிளில் உட்காருகிறவர் உருது பேசும் வீட்டுப் பெண், வயதில் மூத்தவர். அக்கா என்பதற்கு அவர்கள் வீட்டில் ஆபா, எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். மறுநாள் டீ நேரத்தில் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன், ஆக்ரா போகிறோம் என்று மட்டும்.

"எந்த கம்பெனியாம்?" என்றார் ஆபா.

"சும்மா தாஜ்மகால் பாக்கவாம்."

ஆபா பிஸ்கட்டை டீயில் முக்கியபடி என்னைப் பார்த்தார். "பேஜார் பண்ணிக்காத. முதல்ல தனியா போய் சேர்ந்துட்டு, அப்புறம் வீடு பாத்து உன்ன கூட்டிக்குவாரு" என்றார். ஆறுதலுக்காகத்தான் சொன்னார். ஊறிய பிஸ்கட் டீக்குள் உடைந்து விழுந்தது. அதை ஸ்பூனால் எடுத்துச் சாப்பிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். அப்பாவும் மகளும் கட்டிலில் உட்கார்ந்து போனை நடுவில் வைத்துக்கொண்டு திட்டம் போட்டார்கள். காட்பாடியில் ஏறினால் ஆக்ராவிலேயே இறங்கலாம், மாற வேண்டியதில்லை. வழிக்குப் புளிசாதமும் சப்பாத்தியும் கட்டிக்கொள்ளலாம். பனிமூட்டத்தில் ரயில் தாமதமாகலாம், அதனால் கூடுதலாக ஒரு வேளைக்கு ரொட்டி வைத்துக்கொள்ளலாம். கோட்டை ஒரு நாள், தாஜ்மகால் ஒரு நாள், ஃபதேபூர் சிக்ரி ஒரு நாள். கேட்க எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஒழுங்காக இருக்கிற ஷூவைத்தான் நான் இரண்டு தடவை பார்ப்பேன்.

"ரூம் காட்டு" என்றேன்.

மகள் ஹோட்டல் போட்டோக்களைக் காட்டினாள். ஜன்னலைத் திறந்தால் தாஜ்மகால் தெரியுமாம். முதல் போட்டோவில் தரை வெள்ளை டைல்ஸ். அடுத்ததில் அதே கட்டில், அதே திரைச்சீலை, தரை மட்டும் பழுப்பு.

"ஒரே ரூமுக்கு ரெண்டு தரையா?"

"மா, வேற வேற ரூமா இருக்கும்மா."

"அப்போ ஜன்னல் எந்த ரூமுக்கு?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் விட்டத்தைப் பார்த்தார். ஒரு ஹோட்டல்காரன் பொய் சொல்வதில் எனக்கு வருத்தமில்லை, அது அவன் பிழைப்பு. என் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு இந்த இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. மகளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, அம்மாவைச் சமாதானப்படுத்துகிற பொறுப்பை அவளிடம் விட்டிருக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

வியாழக்கிழமை ராத்திரி போய்ச் சேருகிற மாதிரி டிக்கெட் போட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை முதல் நாள். ஃபேக்டரியில் மதியச் சாப்பாட்டின்போது போனில் ஆக்ரா வீடியோ ஒன்று பார்த்துக்கொண்டிருந்தேன். எடுத்தவன் தமிழ்ப் பையன், பேசிக்கொண்டே இருந்தான். அதில்தான் தெரிந்தது, வெள்ளிக்கிழமை தாஜ்மகால் மூடியிருக்கும், தொழுகைக்கு வருகிறவர்களுக்கு மட்டும்தான் திறப்பார்கள் என்று. டிபன் பாக்ஸை மூடினேன். தாஜ்மகால் பார்க்கப் போகிறவர் அது மூடியிருக்கிற நாளில் போய் ஏன் இறங்க வேண்டும்? ஒரு வேலை நாள் தேவைப்படுகிறவர்தான் அப்படித் திட்டம் போடுவார். எங்களை ரூமில் உட்கார வைத்துவிட்டு, இதோ வந்துவிடுகிறேன் என்று சட்டையை டக்-இன் செய்துகொண்டு கிளம்புவார். ஏதோ ஒரு ஃபேக்டரி வாசலில் போய் நிற்பார். எல்லாம் என் கண் முன்னால் படமாக ஓடியது.

அடுத்த தடவை மகள் வந்தபோது, இரண்டு பேரும் ஒன்றாக இருக்கும் நேரமாகப் பார்த்துக் கேட்டேன். "வெள்ளிக்கிழம தாஜ்மகால் லீவாமே?"

"அப்டியா?" என்றார் அவர்.

"அதனாலதாம்மா அன்னிக்கி கோட்டை" என்றாள் மகள்.

இரண்டு பதிலும் ஒரே நேரத்தில் வந்தன. ஒருவருக்குத் தெரியாது, இன்னொருவருக்கு முன்னாடியே தெரியும். டேபிளில் இப்படி ஒரு ஜோடி வந்தால் நான் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவேன். புருஷனையும் மகளையும் எங்கே திருப்பி அனுப்புவது? "நல்லா இருக்கு உங்க பிளான்" என்று சொல்லிவிட்டுத் துணி எடுக்க மாடிக்குப் போனேன். துணி காயவே இல்லை. இருந்தாலும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

அதற்கப்புறம் நான் செய்தவற்றை நினைத்தால் எனக்கே சிரிப்பாக இருக்கிறது. அவர் குளிக்கும்போது பீரோவைத் திறந்து பாஸ்போர்ட் இருக்கிறதா என்று பார்த்தேன். வைத்த இடத்திலேயே இருந்தது, தேதி முடிந்துபோய். ஒரு நிமிஷம் நிம்மதி. உடனே உறைத்தது, ஆக்ராவுக்கு எதற்குப் பாஸ்போர்ட்? அவர் போனையும் பார்த்தேன். வெளியூர் நம்பர் எதுவும் இல்லை. மதிய நேரத்தில் மகளிடம்தான் நிறையப் பேசியிருந்தார். அதுவும் நீளமாக. வழக்கமாக மகள் கூப்பிட்டால், "சாப்ட்டியாமா, இந்தா அம்மாகிட்ட பேசு" என்று போனை என்னிடம் தள்ளிவிடுகிற மனிதர் அவர். எனக்குத் தெரியாமல் மகளிடம் அரை மணி நேரம் பேச அவரிடம் என்ன இருக்கிறது? எனக்கு அவர் மேல் இருந்ததைவிட மகள் மேல் கோபம் ஜாஸ்தியானது. அப்பா இல்லாத வருஷங்களில் அவளும் நானும்தான் இந்த வீட்டில் இருந்தோம். காய்ச்சல் வந்தால் ஒருவர் நெற்றியில் ஒருவர் துணி போட்டோம். இப்போது அவள் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஒரு சோதனை வைத்தேன். "எனக்கு ஃபேக்டரில லீவு கிடைக்காது போலிருக்கு. நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க" என்று போனில் மகளிடம் சொன்னேன். மற்ற நாளாக இருந்தால், சரிம்மா, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்றிருப்பாள்.

"ஐயோ, நீ வரலன்னா நாங்க எதுக்குமா போறோம்?" என்றாள். குரல் மாறிவிட்டது. அன்று மாலை அவரும் வந்தவுடன் செருப்பைக்கூடக் கழற்றாமல், "லீவு கேட்டியா? நான் வேணா உங்க சூப்பர்வைசர்கிட்ட பேசட்டுமா?" என்றார். எனக்காக யாரிடமும் போய்ப் பேசுகிற பழக்கம் அவருக்கு இல்லை. ஆகவே இந்த டூர் எனக்காகத்தான் போடப்பட்டிருக்கிறது. எனக்குச் சொல்ல வேண்டிய ஏதோ ஒன்று ஆக்ராவில் காத்திருக்கிறது. அது வேலைதான், வேறு என்னவாக இருக்க முடியும் என்று நான் வேறெதையும் நினைத்துப் பார்க்கவில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்த அடுத்த ஞாயிறு மதியம், அவர் பஜாரிலிருந்து ஒரு பெரிய பையோடு வந்தார். அவருடைய தோஸ்த் ஒருவர் எக்ஸ்போர்ட்டில் கழித்த ஷூக்களை வாங்கி விற்கிற கடை வைத்திருக்கிறார். அங்கே போயிருந்தாராம். ஆக்ராவில் நிறைய நடக்க வேண்டியிருக்கும் என்று மூன்று பேருக்கும் எடுத்திருந்தார். பையை என்னிடம் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனார்.

எனக்குக் கேன்வாஸ் ஷூ, பரவாயில்லை. அவருக்குக் கறுப்பில் ஒன்று. மூன்றாவது பெட்டி பெரிதாக இருந்தது. உள்ளே கணுக்காலுக்கு மேலே வருகிற பூட்ஸ். கை பழக்கத்தில் உள்ளே போனது. விரல்கள் ஆட்டு ரோமத்தில் புதைந்தன. நுனி வரைக்கும் ரோம லைனிங், கெட்டியாக. திருப்பினேன். அடிப்பாகம் தடித்து, ஆழமாகப் பள்ளம் பள்ளமாக வெட்டியிருந்தது. இந்த மாதிரி மாடல்கள் எங்கள் டேபிளில் கோடை காலத்தில் ஓடும். வெயிலில் வியர்த்து வழிந்துகொண்டு அவற்றுக்குள் கை விடுவதற்கே எரிச்சலாக இருக்கும். அவை போவது பனிக்கட்டியில் நடக்கிற ஊர்களுக்கு, பெட்டியிலேயே ஜெர்மன் எழுத்து இருக்கும். ஆக்ராவில் குளிரும், தெரியும். ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டால் போகிற குளிர். ஆக்ராவில் யாரும் பனிக்கட்டியில் வழுக்கி விழுவதில்லை.

சைஸ் பார்த்தேன். என் காலுக்குச் சின்னது. அவர் காலுக்குச் சொல்லவே வேண்டாம். அது மகளுடையது.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். நான் பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஆக்ராவுல பனி கொட்டுதா?"

துண்டு முகத்தின் மேலேயே இருந்தது.

"பாப்பா எங்க போறா?"

"அவளே சொல்றேன்னா" என்றார் துண்டுக்குள்ளிருந்து. "தாஜ்மகால் பாத்துட்டு அங்க வெச்சி சொல்லிக்கறேன்னா. நான் வேணாம்னுதான் சொன்னேன், உங்கம்மா கண்டுபுடிச்சிடுவான்னு சொன்னேன்." துண்டை எடுத்தார். கண் சிவந்திருந்தது, சோப்பாகவும் இருக்கலாம். "நல்ல பூட்ஸா கிடைச்சுது. விட மனசு வரல."

எந்த ஊர், எப்போது, எவ்வளவு நாளைக்கு என்று அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். எனக்கு அவர் வாயிலிருந்து அது வரக் கூடாது. இத்தனை நாளாக அவர் மேல் பட்ட சந்தேகம் முழுக்கச் சரிதான், ஆள் மட்டும்தான் மாறிவிட்டது. டூர் முடிந்ததும் ஒருத்தர் கிளம்பிப் போகிற டூர்தான் இது. புடவையை மாற்றினேன், பூட்ஸைப் பெட்டியோடு ஒரு பையில் போட்டேன், பஸ் ஏறினேன். மாதனூர், பள்ளிகொண்டா எல்லாம் எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரியாது.

வேலூரில் இறங்கி மகளுக்குப் போன் செய்தேன். "கோட்டை கிட்ட இருக்கேன், வா" என்றேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அப்பா அதற்குள் பேசியிருப்பார்.

வேலூர்க் கோட்டையை நாங்கள் சுற்றிப் பார்த்ததே கிடையாது. எத்தனையோ தடவை அந்தப் பக்கம் பஸ்ஸில் போயிருக்கிறோம், அகழித் தண்ணீரை ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. மைசூரிலும் கோல்கொண்டாவிலும் டிக்கெட் வாங்கி, கோட்டை, அரண்மனை என்று வாயைப் பிளந்து பார்த்தவர்கள் நாங்கள். அன்றைக்கு ஞாயிறு என்பதால் உள்ளே ஏகப்பட்ட கூட்டம். ஆந்திராப் பக்கமிருந்து வந்த குடும்பம் ஒன்று மதில் மேல் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வந்த வடக்கத்திக்காரர்கள் கையில் ஃபைலோடு புல்லில் உட்கார்ந்திருந்தார்கள். நானும் ஒரு மரத்தடியில் இடம் பார்த்து உட்கார்ந்தேன்.

மகள் வந்தாள். தலை ஈரமாக இருந்தது, குளித்துக்கொண்டிருந்தவள் அப்படியே கிளம்பி வந்திருக்கிறாள். எதிரே உட்கார்ந்தாள். நான் பெட்டியைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினேன்.

"எந்த ஊருக்கு?"

"ஜெர்மனி" என்றாள். "ஒரு வருஷமா மொழி கிளாஸ் போனேன்மா. எக்ஸ்ட்ரா டூட்டின்னு உன்கிட்ட சொன்னதெல்லாம் அதான். இன்டர்வியூ முடிஞ்சிடுச்சி. பிப்ரவரில கிளம்பணும்."

"எவ்ளோ நாளைக்கு?"

"தெர்லமா."

அந்த 'தெர்லமா' எனக்குப் புரிந்தது. அப்பாவாவது ஒப்பந்தம் முடிந்தால் திரும்பி வருவார். அங்கே போகிற நர்ஸுகள் அங்கேயே வீடு பார்த்து, அங்கேயே கல்யாணம் செய்து, குழந்தையைப் போனில் காட்டுகிறார்கள். எங்கள் சர்ச்சிலேயே அப்படி இரண்டு குடும்பம் இருக்கிறது. எனக்கு ஆத்திரம் வந்தது.

"அப்பாகிட்ட சொல்லத் தெரிஞ்சுதில்ல உனக்கு? என்கிட்ட சொல்றதுக்கு இன்னா? ஊரக் கூட்டி அழுவேன்னு நெனச்சியா? போக விடாம கால புடிச்சி இழுப்பேன்னு நெனச்சியா? அதுக்கு ஆக்ரா வரைக்கும் கூட்டிட்டு போகணுமா என்ன?"

அவள் பூட்ஸின் லேஸை எடுத்து விரலில் சுற்றினாள். பக்கத்தில் ஒரு குழந்தை பலூனுக்கு அழுதுகொண்டிருந்தது.

"மைசூர்ல அப்பா உன்கிட்ட சொன்னாரே, அப்போ நான் தூங்கலமா" என்றாள். "கட்டில்ல கண்ண மூடிட்டு படுத்துட்டிருந்தேன். அப்பா சொல்லி முடிச்சாரு. நீ போகாதீங்கன்னு சொல்லுவன்னு நான் காத்துட்டிருந்தேன். நீ இன்னா கேட்ட தெரியுமா?"

எனக்கு ஞாபகம் இல்லை. உண்மையாகவே இல்லை.

"எந்த சூட்கேஸ் எடுத்துட்டு போறீங்கன்னு கேட்ட. அவ்ளோதான். கோல்கொண்டாவுலயும் பக்கத்துலதான் இருந்தேன். எத்தன மணிக்கு ஃப்ளைட்னு கேட்ட." லேஸை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "நான் சொன்னா நீ அழுவ, சண்ட போடுவன்னு எல்லாம் நான் பயப்படலமா. என்கிட்டயும் சூட்கேஸ் கேட்டுட்டா இன்னா பண்றதுன்னுதான் பயம். அதான் தள்ளிப் போட்டுகிட்டே வந்தேன். அப்பா மாதிரி எங்கயாவது வெளியூர் போய் சொன்னா, ஒருவேளை நீ வேற மாதிரி எதனா சொல்லுவியோன்னு நெனச்சேன்."

நான் தடுத்துவிடுவேன் என்று பயந்துதான் இரண்டு பேரும் மறைக்கிறார்கள் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். தடுக்காமல் விட்டுவிடுவேனோ என்று என் பிள்ளை பயந்திருக்கிறாள். அதுவும் நேற்று இன்றைக்கு இல்லை. மூன்றாவது படிக்கிற காலத்திலிருந்து.

அவளிடம் சொல்ல எனக்குக் காரணம் இருந்தது. போகாதீங்க என்று நான் சொல்லியிருந்தால் அவர் போயிருக்க மாட்டார். அது எனக்குத் தெரியும். போகாமல் நின்று, அதற்கப்புறம் ஒவ்வொரு தடவை வீட்டில் கஷ்டம் வரும்போதும் என் முகத்தைப் பார்ப்பாரே, அதற்குப் பயந்துகொண்டுதான் சூட்கேஸைக் கேட்டிருப்பேன். அப்படிக் கேட்டபோது உள்ளே என்ன ஓடியது என்று கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருக்கிற குழந்தைக்கு எப்படித் தெரியும்? இதையெல்லாம் அவளிடம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவளுக்கு அது எதுவும் தேவையில்லை என்று தோன்றியது.

"போகாத" என்றேன்.

"இன்னாமா?"

"போகாதன்னு சொன்னேன். என்னால முடியாது. நீ போனா எனக்கு இங்க யாரும் இல்ல."

வாழ்க்கையில் முதல் தடவையாக அதைச் சொல்கிறேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. வடக்கத்திக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மகள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. நகர்ந்து வந்து, சின்னப் பிள்ளையில் செய்வது போல் என் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். அவள் தலை ஈரம் என் புடவையில் இறங்கியது.

ரொம்ப நேரம் கழித்து, முகத்தைத் தூக்காமலே சொன்னாள். "நான் போவேன்மா."

"தெரியும்" என்றேன். "இருந்தாலும் போகாத."